ஃபைவ் ஜி போனும் ஏழு அழைப்புகளும்

ஏலிக்குட்டிக்கு ஒரு சிறுநீரகம் வேண்டும். அதற்குப் பதிவு செய்து நான்கு வருடமாயிற்று. எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியிலிருந்து எந்த நேரத்திலும் கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். அதனால் அவள் புருஷன் குரியாச்சன், பட்டன் வைத்த பழைய போனைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். குளிக்கப் போனாலும் கழற்ற மாட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் அதை அணைக்க வேண்டாமென்று சர்ச் பாதிரியாரான அச்சனே சொல்லியிருந்தார். ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஐந்து நாள் தாங்கும்.

இந்த நேரம் பார்த்து அயர்லாந்திலிருந்து மகன் டிஜோ புதுப் போன் கொடுத்தனுப்பினான்.

“அப்பச்சா, நம்ம மலையில ஃபைவ் ஜி வந்து வந்து போகும். போன் அதைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னுடும். ஃபோர் ஜிக்கு மாத்தி வச்சுக்கோங்க.”

“சரிடா மகனே.”

சரி என்றவர் மாற்றினாரா? எங்கே! டாப் கியர் இருக்கும்போது எவனாவது ரெண்டாவதில் ஓட்டுவானா என்று ஒரு நினைப்பு. புதன்கிழமை காலை சிம்மைப் புதுப் போனுக்கு மாற்றிக்கொண்டு நேரே வர்க்கிச்சன் டீக்கடைக்குப் போனார். கடைமுக்கில் நின்றால் டவர் எதிரே தெரியும்.

“வேகம் எவ்வளவு காட்டுது பார், வர்க்கிச்சா. முந்நூத்திப் பன்னெண்டு!”

“உன் ஜீப்பு முப்பதைத் தாண்டாது குரியாச்சா. போனுக்கு மட்டும் முந்நூறு எதுக்கு?”

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். இரண்டு மணி நேரம் ஃபுட்பால் போட்டுக் காட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது லைன் வேலைக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். போனில் நாற்பது சதவீதம் இருந்தது. பழைய போனில் நாற்பது என்றால் இரண்டு நாள் ஓடுமே! அதே கணக்கில் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மிளகு பறிக்கச் சரிவில் இறங்கிவிட்டார். அங்கே சிக்னல் ஒரு கோடு வரும், போகும். ஏணி மேல் நிற்கையில் நெஞ்சுப் பக்கம் சுட்டது. வெயில் என்று நினைத்தார், பாவி மனுஷன்.

நாலரைக்கு இறங்கி வந்து பார்த்தால் போன் செத்துக் கிடந்தது. வீட்டுக்கு ஓடினார். நல்லவேளை, கரண்ட் வந்திருந்தது. சார்ஜில் போட்டு உயிர் வந்ததும், ஏழு தடவை கூப்பிட்டிருந்ததாகச் செய்தி வந்து விழுந்தது.

திரும்பக் கூப்பிட்டார்.

“எங்க போனீங்க சேட்டா?” என்றாள் ஆஸ்பத்திரிப் பெண். “ரெண்டரையிலருந்து கூப்பிடுறேன். நீங்க குடுத்த லேண்ட்லைனும் கிடைக்கல. நாலு மணி வரைக்கும் பார்த்தோம். அடுத்தவங்களை வரச் சொல்லிட்டோம்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவருக்கு. லேண்ட்லைன் செத்து இரண்டு வருடமாகிறது. அதையும் அவர் சொல்லி மாற்றவில்லை.

ஏலிக்குட்டி டம்ளரோடு வந்தாள். ஒரு நாள் முழுக்க அவள் குடிக்கிற தண்ணீருக்கு டாக்டர் வைத்த அளவு உண்டு. அன்றைக்கு மிச்சமிருந்தது அந்த அரை டம்ளர்தான்.

“என்னாச்சு இச்சாயா? முகம் ஏன் இப்படி இருக்கு?”

ஏதாவது பொய் சொல்லலாமா என்று பார்த்தார். வாய் வரவில்லை. “கூப்பிட்டாங்கடி. ஏழு தடவை கூப்பிட்டிருக்காங்க. நான் உன்னைக் கொன்னுட்டேன், ஏலிக்குட்டி.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

“யாருக்குப் போச்சாம்?”

“சொல்ல மாட்டாங்களாம்.”

“சின்னப் பிள்ளைங்க யாருக்காவது போயிருக்கட்டும்” என்றாள். குரல் உடைந்துவிட்டது. டம்ளரை அவர் பக்கம் தள்ளி, “குடி. ஓடி வந்திருக்கே” என்றாள்.

அவர் தொடவில்லை. தலையைக் கவிழ்த்து தேம்பித் தேம்பி அழுதார்.

“நாளைக்கு டயாலிசிஸ் இருக்கு இச்சாயா. அஞ்சே காலுக்கு பஸ்ஸு” என்றாள் அவள். “அலாரம் வச்சிடு. பழைய போன்ல.”