இரண்டாவது ஆளுக்கு மூன்று படை

விளையாட்டு வெளியாகி முப்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. புனேயின் வாகட் பகுதியில் இருந்த அலுவலகத்தின் சுவர்த்திரையில் எல்லோரும் ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதாக ஆடியவர்கள் நூற்றுக்கு அறுபத்தெட்டு ஆட்டங்களில் ஜெயித்திருந்தார்கள். ஐம்பதை ஒட்டி நிற்க வேண்டிய எண் அது.

இருவர் மாறிமாறி ஆடும் போர் விளையாட்டு. முதலில் ஆடுபவர் முந்திக்கொண்டு அடித்துவிடுவார் என்பதால், அடுத்தவருக்குத் தொடக்கத்திலேயே கொஞ்சம் கூடுதல் படை கொடுத்தாக வேண்டும். எத்தனை என்று கணக்கிட்டவள் கிருஷ்ணப்ரியா. புள்ளியியல் படித்துவிட்டு ஈரோட்டிலிருந்து வந்தவள். கணினியைத் தனக்குத்தானே நாற்பதாயிரம் ஆட்டம் ஆடவிட்டு, மூன்று என்று கண்டுபிடித்தாள். குழுத்தலைவன் ஜெயந்த் அதைக் கூட்டத்தில் தன் கணக்காகவே எடுத்து வைத்தான். புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். வேலை ஆக வேண்டுமென்றால் மட்டும் அவளிடம் தமிழ் பேசுவான்.

"அரே, எல்லாம் ஒரே டீம்தானே. யார் சொன்னா என்ன?" என்றான் பிறகு. அவள் சிரித்து வைத்தாள்.

விளையாட்டு வெளியாகும் முன்பே, கூட்டம் நடந்த அந்த வாரமே, அவளுக்கு ஓட்டை தெரிந்துவிட்டது. கணினி அந்த மூன்று படைகளையும் எல்லைகளுக்குப் பிரித்துப் போட்டு ஆடியது. மனிதர்கள் பிரிக்க மாட்டார்கள். மூன்றையும் எல்லையில் இருக்கும் பாலத்தடியில் குவித்து, தங்கள் முதல் முறையிலேயே எதிராளியின் தலைநகரைப் பிடித்துவிடுவார்கள். தன் அறையில் உட்கார்ந்து அப்படியே பன்னிரண்டு ஆட்டம் ஆடிப் பார்த்தாள். பத்தில் ஜெயித்தாள். மடிக்கணினியை மூடினாள். அவன் கணக்குத்தானே, அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

மறுநாள் ரஃபீக் பாய் அவள் மேசைக்கு வந்தார். ஆம்பூர்க்காரர். புனேயை ஒட்டிய போசரியில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடம் உதிரிபாகங்களின் தரம் பார்த்தவர். அது மூடியபின் இங்கே ஒப்பந்தத்தில் விளையாட்டுகளைச் சோதிக்கிறார்.

"இந்த மூணு கரெக்டாம்மா? பாலத்துப் பக்கம் என்னமோ இடிக்குது. கணக்கு நீ போட்டதுன்னு எனக்குத் தெரியும். நீ சரின்னா கையெழுத்துப் போட்டுர்றேன்."

அவள் தலையாட்டினாள். ஒரே ஒரு முறைதான்.

இப்போது சுவர்த்திரையின் முன் நின்று மேலாளர் வைஜயந்தி கேட்டார். "யாரு இதை பாஸ் பண்ணினது?"

ஜெயந்த் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டெஸ்டிங்ல ரஃபீக் பாய்தான் ஓகே போட்டாரு மேடம். நான் அவரை நம்பினேன், அவ்ளோதான்."

"பாய், உங்க காண்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுதில்ல?" வைஜயந்தியின் குரல் மரியாதையாகவே இருந்தது.

ரஃபீக் பாய் மேசையில் கிடந்த சோதனைத் தாளில் தன் கையெழுத்தைப் பார்த்தார். கிருஷ்ணப்ரியாவின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"ஆமா மேடம். மனசுல பட்டுச்சு, விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

ஜெயந்த் தலையை மெல்ல அசைத்தான், வருத்தப்படுகிறவனைப் போல. திரையில் அறுபத்தெட்டு அறுபத்தொன்பதானது. யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. தன்னுடையதுதான் என்று எழுந்து நின்றபிறகே அவளுக்குப் புரிந்தது. இந்த அறையில் யாரும் கேட்காமல் அவள் ஒரு நாளும் பேசியதில்லை.

"அவர் என்னைக் கேட்டாருங்க," என்றாள். "மூணு தப்புன்னு அப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சரின்னேன்."