பாலகுமார் குடிக்கவில்லை

“அப்பா, உங்க ரத்தம் வேணும்.”

பாடை கட்டிக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றன. அப்பா மாயாண்டி மட்டும் மூங்கிலில் கயிற்றை இறுக்கினார். இதைக் கேட்கவே கூடாதென்று அம்மா அமிர்தவல்லி ஆனந்தியிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

“போடி உள்ள” என்றார்.

உள்ளே அண்ணன் பாலகுமார் கிடந்தான். ஒட்டிய உடம்பு. தேருக்கு விரதம் என்று, இன்சுலினை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு பூண்டு வயலுக்குப் போனவன். சர்க்கரை இறங்கி வியர்த்து, நாக்குக் குழறி, வரப்பில் சாய்ந்தபோது கூட்டாளிகள் சிரித்தார்களாம். “வெள்ளனேயே சரக்கு ஏத்திட்டான்டா.” கம்பளியைப் போர்த்திவிட்டு வேலையைப் பார்த்தார்கள். இனிப்பு டீ தூக்குவாளியில் பக்கத்திலேயே இருந்தது.

அப்பா, அண்ணன், ஆனந்தி என்று வீட்டில் மூன்று பேருக்குச் சர்க்கரை. மூவருக்கும் இளவயதிலேயே வந்தது; மூவருமே ஒல்லி. மதுரை டாக்டர் போன வருடமே சொன்னார்: “இது மரபணுவுல வர்ற வேற வகை மாதிரி தெரியுது. மூணு பேரும் ரத்தம் குடுங்க, சென்னைக்கு அனுப்பிப் பாக்கலாம். அதுதான்னா இந்தத் தம்பிக்கு ஊசியே தேவைப்படாது, சின்ன மாத்திரை போதும்.”

அண்ணன் கையை நீட்டினான். மாயாண்டி தட்டிவிட்டார். “பரம்பரைச் சீக்குன்னு வெளிய தெரிஞ்சா இவள எவன் கட்டுவான்?”

வீட்டின் முதல் பட்டதாரியான அவளைக் காரணம் காட்டித்தான் அந்தக் கை தட்டிவிடப்பட்டது.

இப்போது, ஆனந்தியைப் பெண் பார்த்துப்போன மாப்பிள்ளை வீட்டு விசாலாட்சி, மாயாண்டியிடம் குனிந்து கேட்டாள். “குடிதானுங்களே? வேற ஒண்ணும் இல்லையே?”

மாயாண்டி துண்டால் வாயைப் பொத்தினார். “குடிதானுங்க.”

அம்மாவின் ஒப்பாரி ஒரு கணம் அறுந்தது. பிறகு முன்னைவிடச் சத்தமாக எழுந்தது.

“அண்ணன் ஒருநாளும் குடிச்சதில்ல” என்றாள் ஆனந்தி. “சுகர். ஊசி போட்டுட்டுப் பட்டினி கெடந்து செத்துச்சு. அப்பாவுக்கும் சுகர்தான். எனக்கும்தான்.”

விசாலாட்சி எழுந்து சேலையை உதறினாள். “நல்லவேள, பூ வைக்கல.”

“எழவு வீட்டுல பேசுற பேச்சா இது?” நல்லுசாமி மாமா கத்தினார். “படிச்ச திமிரு!”

“ஆமா மாமா. திமிருதான்.” அப்பாவிடம் திரும்பினாள். “கடைசியாக் கேக்குறேன். மதுரைக்கு ரத்தம் குடுக்க வர்றீங்களா?”

மாயாண்டி கயிற்றின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் உள்ளே போய் அண்ணனின் காலைத் தொட்டாள். இன்னும் குளிப்பாட்டவில்லை, விரலிடுக்கில் வயல் மண் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு, பாடையைச் சுற்றி வெளியே நடந்தாள்.

மேட்டில் கொடைக்கானல் பஸ் உறுமிக்கொண்டு நின்றது; அங்கே இறங்கித்தான் மதுரைக்கு மாற வேண்டும். அவள் ஓடவில்லை. பூண்டு மூட்டை ஏற்றி முடியும்வரை அது கிளம்பாது.