பொட்டலைக் கடந்த வீடு

எங்கள் கிழக்குத் தெரு வீடுகள் முன்னால் மட்டுமே நகரும். முதல் முறை இரண்டு கட்டம் போகலாம். அதன் பிறகு ஒவ்வொரு கட்டமாகத்தான். பொட்டலுக்கு அந்தப் பக்கம் மேற்குத் தெரு வீடுகளும் அப்படியே. நாங்கள் ஒரு வீட்டை நகர்த்தினால் அவர்கள் ஒன்றை நகர்த்துவார்கள். எதிர்க் கோடியைத் தொடும் வீடு, விரும்பிய எதுவாகவும் மாறிக்கொள்ளலாம்.

எங்களுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. லாரி வருவது நின்று கோடை பாதி போய்விட்டது.

தெருச் சங்கச் செயலாளர் இன்னாசிமுத்து டீக்கடையில் சதுரங்கம் ஆடுபவர். "நாலு சிப்பாய்த் தாக்குதல்," என்றார். "நடுவுல உள்ள நாலு வீடும் ரெண்டு ரெண்டு கட்டம். அவங்க கொட்டாவி விட்டு முடிக்கிறதுக்குள்ள நாம பாதிப் பொட்டல்ல நிக்கணும்."

எங்கள் வீடு முதலில் போக வேண்டும் என்று முடிவாயிற்று. என் மனைவி செண்பகவடிவு ஒத்துக்கொள்ளவில்லை.

"போனா திரும்பி வர முடியாதே, அண்ணாச்சி. மில்லுல அரிசி அரைக்கக் கொடுத்திருக்கேன்."

"தண்ணி இல்லாம மாவை வச்சு என்னம்மா செய்வே?" என்றார் இன்னாசிமுத்து.

அவள் காலிக் குடங்களை உள்ளே எடுத்து வைத்தாள். புறப்பட்டோம். பாத்திரங்கள் சற்றுக் குலுங்கின.

நாங்கள் போய் நின்றதும் மேற்குத் தெரு வீடு ஒன்று வந்து நேர் எதிரே நின்றது. எங்கள் கதவைத் திறக்க முடியவில்லை. நேர் எதிரே நிற்பதைப் பிடிக்கவும் முடியாது. குறுக்கே, மூலைவாட்டில் நிற்பதைத்தான் பிடிக்கலாம்.

"என்ன குழம்பு?" என்று அந்த வீட்டுக்காரர் ஜன்னல் வழியே கேட்டார்.

"துவையல்," என்றாள் செண்பகவடிவு. "குழம்புக்குத் தண்ணி வேணும்."

அடுத்தது பரிதாவின் வீடு. "நான் அவருக்குக் குறுக்கே வந்து நிக்கேன்," என்று பின்னாலிருந்து பரிதா கூப்பிட்டுச் சொன்னார். "அவர் என்னைப் பிடிச்சா உங்க வழி திறந்துரும்."

"பிடிச்சா நீங்க ஆட்டத்துலயே இல்லை," என்றேன்.

"பொட்டல் ஓரத்துல வேப்பமரம் இருக்கு அண்ணே. துணி காயும்."

அவர் வந்து நின்றார். எதிர்வீட்டுக்காரர் பிடித்து அந்த இடத்துக்கு நகர்ந்தார். பரிதாவின் வீடு ஓரத்துக்குப் போயிற்று. எங்கள் கதவு திறந்தது.

மற்ற இரண்டு வீடுகளும் எங்களுக்குக் காவலாக வந்தன. ஒவ்வொரு கட்டமாக எதிர்க் கோடியை அடைந்தோம். அங்கே நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"என்னவா மாறுது?"

"ஏரி," என்றாள் செண்பகவடிவு.

"எல்லாரும் ராணிதான் கேப்பாங்க."

"ராணியைக் குடிக்க முடியாதே."

வீடு ஏரியாயிற்று. தண்ணீருக்கு மேல் மாடி மட்டும் நின்றது; நாங்கள் அங்கே போய்விட்டோம்.

மாறிய வீடு எந்தப் பக்கமும் போகலாம். ஏரி கிழக்கே திரும்பி நடந்தது. வேப்பமரத்தடியில் பரிதா குடங்களோடு காத்திருந்தார். முதலில் அவருக்கு நிரப்பினோம். பிறகு ஏரியை மாவு மில் வாசலில் நிறுத்தினோம்.

மில்காரர் மாவுப் பையை நீட்டினார். "ஏரியைக் கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க," என்றார். "பஸ் வரணும்."

ஓரமாக நிறுத்தினோம்.