ஆர்.ஐ. வருவதற்கு முன்

அன்று மதியம் அந்த வீட்டில் இருந்தவர்கள்: ராஜதுரை, அவன் அம்மா முப்பிடாதியம்மாள், எங்களோடு ஆசிரியர் தேர்வுக்குப் படித்த ரிஸானா, மில்லில் நைட் ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து அதே தேர்வை எழுதித் தோற்ற நான்.

ராஜதுரைக்கு ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது, எஸ்.சி. ஒதுக்கீட்டில். சான்றிதழில் இந்து. ஆனால் அவனும் அம்மாவும் இருபது வருடமாக ஜெபவீட்டுக்குப் போகிறவர்கள். கிறிஸ்தவர் என்று தெரிந்தால் அந்தச் சான்றிதழ் செல்லாது, வேலையும் போய்விடும். யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். மூன்று மணிக்கு ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் வருவாய் ஆய்வாளர், வீட்டுக்கு வந்து விசாரிப்பார்.

சுவரிலிருந்த பைபிள் வசன காலண்டரைக் கழற்றினோம். ரிஸானா பையிலிருந்து சங்கரநாராயணர் படத்தை எடுத்தாள்.

"கடைக்காரரு என் முக்காட்டையே பாத்தாரு. பிரண்டுக்குன்னேன்."

"பாதி சிவன், பாதி பெருமாள். ஒரே ஆணில ரெண்டு சாமி. லாபம்தான்" என்றேன்.

மாட்டிய பிறகுதான் பார்த்தோம்: படத்தில் ஒரு பொட்டுக் குங்குமம் இல்லை. கண்ணாடி பளபளவென்று இருந்தது. இருபது வருடமாகக் கும்பிடுகிற படம் அப்படி இருக்காது. என் வீட்டுக்கு ஓடிக் குங்குமம் எடுத்து வந்து நானே அப்பினேன்.

மிச்சம் இருந்தது ராஜதுரையின் நோட்டு. ஜெபவீட்டுக்கு அவன் எழுதிய பாட்டுகள்.

"எரிச்சிரு வே" என்றேன்.

"மாட்டேன். ஏலே, நாம படிச்சோம்லா? இங்கிலாந்துல ராசா மாற மாற மதமும் மாறிச்சு. நம்ம பாடத்துல வந்த கவிஞனோட அம்மா பழைய கத்தோலிக்க மதத்துக்காரி. அவன் தம்பி அந்த மதத்துப் பாதிரியார் ஒருத்தரை ஒளிச்சு வச்சு ஜெயில்ல செத்தான். இவன் ராசாவோட மதத்துக்கு மாறி அங்க பெரிய பதவிக்குப் போனான்."

"எழுதுனதுல பாதி கடவுள்கிட்ட சண்டை" என்றாள் ரிஸானா. "வெளிய சொல்ல முடியாததப் பாட்டுல வச்சாங்க. பத்து மார்க் கேள்வி. நீதான் நல்லா எழுதுன."

"பக்தின்னு எழுதுனேன். பயம்னு எழுதியிருக்கணும்" என்றான் ராஜதுரை.

"ரெண்டும்தான்."

"கடவுள் அவனை ஏத்துக்கிட்டாரா?" என்று கேட்டான்.

"அது கொஸ்டின் பேப்பர்ல வரல" என்றேன்.

முப்பிடாதியம்மாள் கேட்டாள்: "அவன் அம்மா என்ன சொன்னா?"

அதை நாங்கள் யாரும் படித்திருக்கவில்லை.

"அந்த ஆபீசர் என்கிட்ட கேட்டா, இயேசுவத்தான் கும்பிடுதேன்னு சொல்லிருவேன் மக்கா. மாத்திச் சொல்ல எனக்கு வராது."

"எம்மா, ஒரு நாள்தான்."

"அதான், நான் உள்ள போயி இருக்கேன். நீ அவருகிட்ட என்னமும் சொல்லிக்கோ."

வாசலில் பைக் வந்து நின்றது. அவன் கையிலிருந்த நோட்டை அவள் வாங்கிக்கொண்டு பின்னறைக்குள் போனாள். அவன் எங்கள் இருவரையும் பார்த்தான். நாங்கள் வாசலைப் பார்த்தோம். பூட்டச் சொல்லி அவள் கேட்கவில்லை. ராஜதுரை பின்னறைக் கதவைச் சாத்தினான், வெளியே பூட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பினான்.