பிரேக் கால்

என் வீட்டுக்காரர் வீரமணியின் இடது கால் செருப்பு கழன்று விழுந்தது அவருக்கே தெரியவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் கூப்பிட்டுச் சொன்னார். யானைக்கும் அடி சறுக்கும் என்று சிரித்தபடி மாட்டிக்கொண்டு வந்தார். அப்புறம் இன்னொரு தடவை, இன்னொரு தடவை. அதற்கப்புறம் கிளட்சை மிதித்தால் கால் நடுங்கியது. பஸ் டிரைவர் இதையெல்லாம் வெளியே சொல்வாரா? என்னிடமே சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்து, கத்தி ரகளை செய்து, புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ஸ்கேன் எடுத்துவிட்டு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். ஊசி மருந்தை டிரிப்பில் ஏற்றியதும் இடது காலுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. மறுபடி போனபோது டாக்டர் அனு இன்னொரு பரிசோதனை இருக்கிறது என்றார். சின்ன வயதுப் பெண். பொறுமையாகப் பேசினார், எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, இரண்டு கால்களிலும் ஒயர் ஒட்டினார்கள். டாக்டர் ஒரு கனமான வளையத்தைத் தூக்கி இவர் உச்சந்தலையில் வைத்தார். டக் என்று ஒரு சத்தம். இவருடைய பாதம் தானாகத் துள்ளியது. மறுபடி டக், மறுபடி துள்ளல். இவர் வாயைப் பிளந்துகொண்டு தன் காலையே பார்த்தார். யாரோ வெளியே நின்றுகொண்டு என் புருஷன் காலை ஆட்டுகிறார்கள், அவருக்கு அதில் பங்கே இல்லை.

"இது வைத்தியம் இல்ல, சோதனைதான்" என்றார் டாக்டர். "தலையில காந்தத்தால தட்டுனா, சேதி கால் வரைக்கும் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கறோம். உங்க நரம்பு உறை உரிஞ்ச ஒயர் மாதிரி ஆயிடுச்சி. சேதி போகுது, ஆனா லேட்டா போகுது. இடது கால் லேட்டா இருக்கும்னு எதிர்பார்த்தேன். வலது காலும் லேட்டாதான் இருக்கு."

"வலது கால்ல எனக்கு ஒண்ணுமே இல்லியே மேடம்."

"உங்களுக்கு இன்னும் தெரியல, அவ்வளவுதான்."

உடம்பு சூடானால் அந்தச் சேதி பாதி வழியில் நின்றுபோகலாம் என்றும் சொன்னார். மருந்து போட்டு, திரும்பப் பார்த்து, தான் சொல்லும்வரை வண்டியைத் தொடக் கூடாது. இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் விருத்தாம்பாள் கேட்டது ஒரே கேள்வி. "இன்னாடா பண்ணாங்க?"

"தலைக்குக் கரண்ட் வெச்சாங்கம்மா. காலு ரெண்டும் குதிச்சுது."

"அப்ப சரியாப்பூடுச்சி. அங்காளம்மா கண்ணத் தொறந்துட்டா."

எங்கள் பக்கத்தில் கரண்ட் வைப்பது என்றால் வைத்தியம். தோள்பட்டை வலிக்குக் கரண்ட் வைப்பார்கள், கட்டிக்குக் கரண்ட் வைப்பார்கள். வெறுமனே பார்ப்பதற்கு யாராவது கரண்ட் வைப்பார்களா? நான் தொண்டை வற்றச் சொன்னேன். மாமியார் காதில் ஏறவில்லை. இவருக்கு ஏறியது, ஆனால் இறக்கிவிட்டார். "நானே ஆட்டல, அதுவா ஆடுச்சி ஜெயா. செத்த காலு ஆடுமா? காலு நல்லாதான் இருக்குது" என்றார். டாக்டர் பேச்சைவிடத் துள்ளிய கால் பெரிய சாட்சி ஆகிவிட்டது.

சித்திரை அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மா கோயில் ஸ்பெஷல் பஸ்ஸுக்கு டிரைவர் போதவில்லை என்று முதலாளி பச்சைமுத்து போன் செய்தார். இவர் உடனே சட்டையை மாட்டினார்.

"டாக்டர் இன்னா சொன்னாங்க?"

"வூட்லயே உட்கார்ந்திருந்தா நான் இன்னா மனுஷன் சொல்லு. மொதலாளிகிட்ட எதுனா சொன்ன, அப்புறம் நான் இந்த வூட்ல இருக்க மாட்டேன்."

தெரிந்தே கிணற்றில் விழுகிறவரை என்ன செய்வது? காலைப் பிடித்து இழுக்கலாம், இல்லை கூட விழலாம். சாமி கும்பிட வருகிறேன் என்று நானும் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டேன். மத்தியான வெயில். பெட்டி சுட்டது. பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. தலைமுடி இறக்கப்போகிற குழந்தைகள், எலுமிச்சம்பழப் பை, பின்னால் ஒருத்தி இப்போதே சாமி வந்து முனகிக்கொண்டிருந்தாள்.

வளத்தி ஊரைத் தாண்டும்வரை நன்றாகத்தான் ஓட்டினார். அப்புறம் வியர்வை கொட்டியது. துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். இரண்டு தடவை பிரேக் தாமதமாகப் பிடித்தது. நிறுத்துங்கள் என்று கையைத் தொட்டேன். தட்டிவிட்டார். எனக்குக் கோபத்தைவிட பயம் அதிகமாக இருந்தது.

ஊர் எல்லையில் ரோடு முழுக்க ஜனம் நடந்துபோனது. மஞ்சள் புடவைகள், தோளில் பிள்ளைகள். இவர் ஹாரன் அடித்தார். வண்டி வேகம் குறையவில்லை. என் பக்கம் திரும்பாமல், மெதுவாக, கடை சாமான் விசாரிக்கிற குரலில் கேட்டார்:

"ஜெயா, கீழ பாத்து சொல்லு. என் வலது காலு எது மேல இருக்குது?"

குனிந்து பார்த்தேன். ஆக்சிலேட்டர் மேல் இருந்தது.

நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஒரு கையால் தொடையைப் பிடித்துத் தூக்கி, மறு கையால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். பஸ் ரோட்டைவிட்டு இறங்கி, கரும்புக் கொல்லை வரப்பில் மோதி நின்றது. உள்ளே அலறல். வெளியே ஒரு கிழவர் விழுந்து எழுந்தார். யாருக்கும் உயிர் போகவில்லை. அங்காளம்மா என்று நான்தான் கும்பிட்டேன்.

"குடிச்சிட்டு ஓட்றான்" என்று ஜன்னலுக்கு வெளியே யாரோ கத்தினார்கள். பத்துப் பேர் அதையே திருப்பிக் கத்தினார்கள். பந்தோபஸ்துக்கு நின்றிருந்த போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு வந்தார்.

"குடிச்சிருக்கியாடா?"

"ஆமா சார். கொஞ்சம் குடிச்சிட்டேன்" என்றார் இவர்.

பொங்கலுக்குக்கூட ஒரு சொட்டு தொடாத மனுஷன். என்ன உளறுகிறார் என்று பார்த்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. குடித்தவன் லைசென்ஸைச் சில மாதம் பிடித்துவைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். நோயாளிக்கு யார் கொடுப்பார்கள்? நாலு பேர் காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு, அவர் மறுபடி இதே சீட்டில் வந்து உட்காரப் பார்க்கிறார். இந்த ரோட்டில் அன்றைக்கும் பிள்ளைகள் தோளில் இருக்கும்.

போலீஸ்காரருக்கும் அது வசதி. அமாவாசைக் கூட்டத்தில் வேறு கதை கேட்க அவருக்கு நேரமில்லை. "நீ யாரும்மா?" என்றார்.

"இவரு பொண்டாட்டி."

"குடிச்சிருக்கானா?"

இவர் என்னையே பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. ஆமாம் என்று தலையசைத்தால் போதும்.

"இல்ல சார்" என்றேன். "அவரு குடிக்கவே மாட்டாரு. ஊதச் சொல்லிப் பாருங்க. அவருக்கு நரம்புல வியாதி. வண்டியத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"இறங்குடா" என்றார் போலீஸ்காரர், கொஞ்சம் தணிந்த குரலில். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அடம் என்று நினைத்து அந்தப் பக்கம் சுற்றிப் போய்க் கதவைத் திறந்தேன். அடம் இல்லை, வலது கால் நகரவில்லை. நான்தான் இரண்டு கையாலும் அதைத் தூக்கி வெளியே வைத்தேன். அப்போதும் அதற்கப்புறமும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.