ஒப்பந்தத்தின் பதினான்காம் பக்கம்

ஐந்து வருடங்களாக எங்கள் ஆஸ்பத்திரியின் தரவுகளைப் பிரதி எடுத்து வைக்கும் பெக்கப் சிஸ்டம் ஒவ்வொரு காலையும் எனக்கு ஒரு பச்சைச் சரி அடையாளம் அனுப்பிக்கொண்டிருந்தது. நேற்றைய தரவெல்லாம் பத்திரம் என்று அர்த்தம். நானும் தேத்தண்ணியைக் குடித்தபடி அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

எங்களுடையது மட்டக்களப்பு டவுனில் வாவிப் பக்கமாக நிற்கும் தனியார் ஆஸ்பத்திரி. ஓட்டமாவடியில் ஒரு கிளை இருக்கிறது. இரண்டு இடத்திலும் கொம்பியூட்டர் என்று எது இருந்தாலும் அது என் தலையில்தான். காத்தான்குடிப் பர்ஸானா என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும். பிரிண்டர் வேலை செய்யாவிட்டாலும் என்னைத்தானே தேடுகிறார்கள்!

பெக்கப் சிஸ்டத்தின் கொழும்புக் கொம்பனி இந்த வருடம் லைசென்ஸ் கட்டணத்தை மூன்று மடங்காக்கிக் கடிதம் அனுப்பியது. அதுவும் டொலரில். நான் நேரே முதலாளி றோஸ்மேரி மேடத்திடம் போனேன். இதே வேலையைச் செய்யும் இலவச மென்பொருள் இருக்கிறது, உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள், ஒரு பழைய சேர்வரும் இரண்டு பெரிய டிஸ்கும் தந்தால் போதும் என்றேன்.

"ஓசிச் சாமானை நம்பி பேஷன்ட்மார்ர படங்களை வைக்கேலுமா மிஸ்?" என்றார் மனேஜர் அலன்.

மேடம் முப்பது வருடம் தன் கையாலேயே எக்ஸ்ரே எடுத்தவர். சுற்றி வளைக்க மாட்டார். "பிழைச்சா ஆர் பொறுப்பு?" என்று மட்டும் கேட்டார்.

"நான்," என்றேன்.

அலன் அதை எழுத்தில் கேட்டார். கேட்ட தரவை மீட்க முடியாமல் போனால் வேலையை விட்டுப் போகிறேன் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தேன். கடைசிப் புள்ளியை அழுத்திய அழுத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது. அதை அலன் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த மூன்று கிழமையும் பழைய சிஸ்டத்திலிருந்த எல்லாவற்றையும் என்னுடையதற்கு இழுத்தேன். ஒரு டிஸ்க் இங்கே இருக்கும், மற்றது இரத்த மாதிரிகள் கொண்டுபோகும் வேனில் ஓட்டமாவடிக்குப் போகும், மறுநாள் இரண்டும் இடம் மாறும். மீட்டுப் பார்த்த முதல் ஒத்திகையில் நோயாளர் பட்டியல் அரைகுறையாக வந்தது. மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். அலன் அந்தச் செய்தியை உடனேயே கொம்பனிக்குச் சொல்லிவிட்டார்.

கொம்பனிக்காரன் நிலோஜன் நேரில் வந்து பேச ஒரு திங்கட்கிழமையைக் கேட்டான். அதற்கு முதல் நாள் ஞாயிறோடு பழைய லைசென்ஸ் முடிகிறது. ஒரு நாள் பாதுகாப்பில்லாமல் இருந்தால் மேடம் பயந்து கையெழுத்து வைப்பார் என்பது அவன் கணக்கு. திங்கள் நல்ல நாள், வரச் சொல்லுங்கள் என்றேன். அலன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

நிலோஜன் இங்கே பக்கத்து நாவற்குடாப் பிள்ளைதான். கொழும்புக் கோட்டும் கொழும்புப் பேச்சுமாக வந்து, மேடத்தின் மேசையில் புதுப்பிக்கும் பத்திரத்தை விரித்து அதன் மேல் பேனையையும் திறந்து வைத்தான்.

"மிஸ்ஸின் சிஸ்டம் முதல் டெஸ்டிலேயே பெயில் என்று கேள்விப்பட்டேன்."

"ஓம், பெயில். எங்க பிழைச்சது எண்டு எனக்குத் தெரியும், திருத்தியும் போட்டன். உங்கட சிஸ்டத்தில இருந்து இந்த அஞ்சு வருசத்தில ஒரு படமாவது நாங்க திருப்பி எடுத்துப் பாத்திரிக்கமா?"

அவன் அலனைப் பார்த்தான். அலன் வாவியைப் பார்த்தார்.

அந்த நேரம் ஸ்கேன் டொக்டர் மேடத்துக்குப் போன் எடுத்தார். ஓட்டமாவடியிலிருந்து சபூரா என்றொரு பெண் வந்திருக்கிறார், மார்பில் ஒரு கட்டி. 2019இல் இங்கே எடுத்த படம் இருந்தால் கட்டி வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடலாம், இல்லாவிட்டால் ஊசி குத்திச் சதை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். எங்கள் சேர்வரில் நிற்பது கடைசி மூன்று வருடப் படங்கள் மட்டும். அதற்கு முந்தியவை எல்லாம் பெக்கப்பில்தான்.

மேடம் போனை வைத்தார். "வேற டெஸ்ட் ஒண்டும் தேவல்ல. இந்தப் படத்தை எடுங்க. தம்பி, முதல்ல நீங்க."

நிலோஜன் மடிக்கணினியைத் திறந்தான். பெயரைத் தேடினான், பெயர் வந்தது. படத்தை மீட்க அழுத்தினான். லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது, மீட்பதற்குப் புதுப்பிக்கவும் என்று திரையில் விழுந்தது.

"சின்ன விசயம் மேடம். கையெழுத்து வைத்தால் பத்து நிமிசத்தில் திறந்துவிடும்."

மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. "மெசின் என்ட. படம் எடுத்தது என்ட ஆக்கள். அந்தப் பொம்புள வெளிய பயந்துபோய் இருக்கிறா. அவட படத்தைப் பாக்க நான் உங்கட கொம்பனிட்ட கேக்கணுமா?"

"அக்ரிமென்டில் இருக்கிறது மேடம்."

"பதினாலாம் பக்கம்," என்றேன் நான். "லைசென்ஸ் முடிஞ்சா பூட்டு எண்டு நான் மூணு கிழமைக்கு முதல்லயே வாசிச்ச. அதுதான் திங்கள் எண்டதும் சரி எண்டு சொன்ன."

நிலோஜனின் வாயிலிருந்து கொழும்பு பறந்து ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "பொல்லாத ஆள்கா நீங்க!" என்றான்.

"இப்ப நீ எடு புள்ள," என்றார் மேடம்.

இத்தனை வாயும் காட்டிய எனக்கு அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. பழைய வருடங்களைக் கடைசியாகத்தான் இழுத்தேன். 2019இன் படங்கள் போன வெள்ளிக்கிழமைதான் வந்து முடிந்தன. அவற்றில் ஒரு படத்தையும் நான் எடுத்துப் பார்க்கவில்லை. சபூராவின் பெயரை அடித்து அழுத்தினேன். அறுபது வீதம் வரை ஏறி அது அப்படியே நின்றது. அலனின் கை சட்டைப்பைக்குப் போனது. யா அல்லாஹ், என் வேலை போனாலும் பரவாயில்லை, அந்த மனிசியின் படம் வரட்டும் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். பிறகு எழுபது, தொண்ணூறு என்று ஏறியது. படம் வந்தது.

டொக்டருக்கு அனுப்பினோம். கால் மணித்தியாலத்தில் அவர் போன் எடுத்தார். இத்தனை வருடத்தில் கட்டி ஒரு நூலும் வளரவில்லையாம். ஊசி தேவையில்லையாம், வருடம் ஒருமுறை வந்து காட்டினால் போதுமாம்.

அலன் என் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "கிழிச்சுப் போடுங்க மிஸ்."

"வேணாம், வெச்சிரிங்க. இனி மாசாமாசம் நீங்க கேக்கிற ஒரு படத்தை எடுத்துக் காட்டுவன். ஏலாமப் போற மாசம் அதைப் பாவிங்க."

கதவடியில் ஒரு பெண் நின்றார். ஐம்பது வயதிருக்கும், அபாயாவின் நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். சபூராதான். பக்கத்து வாங்கில் உட்கார்ந்து எங்கள் சத்தமெல்லாம் கேட்டிருக்கிறார்.

"மகள், அந்தப் படத்தில எனக்கும் ஒண்டு தாங்க. ஊட்டில வெச்சிக்கிறன். மறுகா ஆரும் பூட்டிப் போட்டா நான் என்ன செய்ற?"

நான் அங்கேயே ஒரு சீடியில் பதிந்து, உறையில் போட்டு மேடத்திடம் நீட்டினேன். மேடம் மேசையைத் தடவி, புதுப்பிக்கும் பத்திரத்தின் மேல் கிடந்த பேனையை எடுத்தார். நிலோஜன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மேடம் சீடி உறையில் சபூராவின் பெயரையும் திகதியையும் எழுதி அவர் கையில் கொடுத்தார். பிறகு பேனையை மூடி நிலோஜனிடம் நீட்டினார்.

"நல்லா எழுதுது தம்பி. கொண்டு போங்க."