மெடோலார்க் சாய்ந்த கதை

வயோமிங் மாநிலத்து மெடோலார்க் என்ற எங்கள் ஊர், 1994ஆம் ஆண்டு மே மாதம் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு, கிழக்குப் பக்கமாக ஒன்றேகால் டிகிரி சாய்ந்தது. இன்றுவரை அப்படியேதான் நிற்கிறது. காரணம் நிலநடுக்கம் அல்ல. இருநூற்று எண்பத்தொன்பது டாலருக்கு வாங்கிய ஒரு மலிவுத் துப்பாக்கியின் ஆக்ஷன். அந்த வாரம் முட்டை டஜன் தொண்ணூறு காசு விற்றது.

ஆக்ஷன் என்பது, குண்டைத் தள்ளிப் பூட்டுகிற போல்ட் என்ற இரும்புத் தண்டு உள்ளே போய் வருகிற கூடு. முன்னால் குழல், அடியில் கட்டை, எல்லாம் அதில்தான் பூட்டப்படும். சொந்தமாகத் துப்பாக்கி கட்டுகிறவர்கள், வீடு கட்டுகிறவர் மனை பார்ப்பதுபோல, முதலில் ஆக்ஷனைத்தான் பார்ப்பார்கள். மற்றதெல்லாம் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம். எங்கள் ஊரில் ஆள் எண்ணிக்கை நானூற்றுப் பன்னிரண்டு, துப்பாக்கி எண்ணிக்கையை யாரும் எடுத்ததில்லை. வசதி உள்ளவர்கள் தனியாகக் கடைந்த ஆக்ஷனைத் தபாலில் வரவழைப்பார்கள். அதன் விலைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பிக்கப் வண்டி கிடைக்கும்.

தோரா எக்டால் வசதி உள்ளவள் அல்ல. அப்போதே இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டிவந்தவள். பனிப்புயலில் ஒரே ஒருமுறை பள்ளத்தில் இறங்கினாள், அதுவும் பிள்ளைகளை வீட்டில் விட்ட பிறகு. அவளும் அவள் கணவன் லைலும் 1971இல் துப்பாக்கிக் கிளப்பின் சுடுகளத்தில் தங்கள் கையாலேயே சிமெண்ட் குழைத்து, உட்கார்ந்து சுடுவதற்கு ஒரு மேடை கட்டினார்கள். அதுதான் ஏழாம் எண் மேடை. ஈரம் காயுமுன் லைல் அதன் ஓரத்தில் உள்ளங்கையைப் பதித்தான். அந்தக் கைத்தடம் இன்னும் இருக்கிறது, லைல் இல்லை. கிளப்பின் சட்டப்படி மூன்று வருஷம் தொடர்ந்து ஜூன் போட்டியை முழுதாகச் சுட்டு முடிக்காதவர் மேடை அடுத்தவருக்குப் போய்விடும். லைல் படுக்கையில் கிடந்ததில் இரண்டு வருஷம் போயிற்று. அவன் துப்பாக்கி ஆஸ்பத்திரிச் செலவில் போயிற்று. மூன்றாவது வருஷம்தான் பாக்கி.

கிளப் தலைவர் ராய்ஸ் காண்டி இதை விரலில் எண்ணிக்கொண்டிருந்தார். ஏழாம் மேடைக்குப் பக்கத்தில் ஒரு குன்று இருக்கிறது, மேற்குக் காற்றைப் பாதி அதுவே வாங்கிக்கொள்ளும். பல் வைத்தியம் பார்க்கிற தன் மருமகனை அங்கே உட்காரவைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த வருஷம் புதிதாக ஒரு விதியும் போட்டார்: தொழிற்சாலை ஆக்ஷனோடு வருகிறவர்கள், அது கடைந்து நேராக்கப்பட்டது என்று துப்பாக்கிக் கம்மியரிடம் எழுதி வாங்கி வரவேண்டும். தோரா காதில் இது விழுந்தபோது அவள் பஸ் டயரை உதைத்துக் காற்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள். அவள் சரி என்றால் எதிராளிக்கு நல்லதல்ல என்று பஸ்ஸில் போன அத்தனை பிள்ளைகளுக்கும் தெரியும். ராய்ஸ் பஸ்ஸில் போனதில்லை.

டெல்பர்ட்டின் இரும்புக்கடையில் விலை குறைந்த துப்பாக்கிகள் ஒன்பது, வரிசையாக நின்றன. தோரா மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தாள். ஒவ்வொன்றின் போல்டையும் உருவி, கூட்டில் மாட்டிக்கொள்கிற அதன் முன் காதுகள் இரண்டிலும் கறுப்பு மை தடவி, திரும்பப் போட்டு ஐம்பது தடவை மூடித் திறந்தாள். எட்டுத் துப்பாக்கியில் ஒரு காதின் மை மட்டும் தேய்ந்தது, மற்றது வேலைக்கு வராத கூலியாள் மாதிரி மை கலையாமல் இருந்தது. டெல்பர்ட்டுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா தோரா, துப்பாக்கி வாங்க வந்தியா, மாப்பிள்ளை பாக்க வந்தியா?"

"மாப்பிள்ளைன்னா அஞ்சு நிமிஷம் போதும். நீ பேசாம அந்த ஒன்பதாவதை எடு."

ஒன்பதாவதில் இரண்டு காதிலும் மை சமமாகத் தேய்ந்தது. கூடு மட்டும் இடப்பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. தோரா அதைக் கண்ணால் பார்த்தாள், வாங்கிவிட்டாள். வீட்டுக்குப் போனதும் குழலைக் கழற்றித் தக்காளிச் செடிக்கு ஊன்றினாள். பிளாஸ்டிக் கட்டை நாய்க்குப் போயிற்று. கையில் மிஞ்சிய கூட்டை மாவுச் சல்லடைத் துணியில் சுற்றிக்கொண்டு எமெட் ஸ்ட்ராண்டின் பட்டறைக்குப் போனாள்.

எமெட் எங்கள் ஊரின் ஒரே துப்பாக்கிக் கம்மியர். ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்துக்குக்கூடப் பொய் சொல்லாதவர். அதனாலேயே அவருக்கு மனைவி தங்கவில்லை. கூட்டை லேத்தில் பூட்டி அளவுமுள்ளை வைத்தார். முள் இரண்டு கோடு தள்ளி நின்றது. லேத்தை ஓடவிட்டு உளியைத் தொடுத்தார். சீவல் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். கூடு அசையவில்லை, லேத்தின் பின்கால் தரையைவிட்டு எழும்பியது. எமெட் பிடிவாதக்காரர், அவரும் அழுத்தினார். முதலில் பட்டறை சாய்ந்தது, பிறகு தபாலாபீஸ், பிறகு லூத்தரன் கோயில், பிறகு தண்ணீர்த் தொட்டி, கடைசியில் ஊர்ப் பெயர்ப்பலகை. யாரும் விழவில்லை. சாப்பாட்டுக் கடையில் பதினோரு காபிக் கோப்பைகள் மேசையில் ஒரு சாண் நகர்ந்து, யோசித்து, நின்றுவிட்டன. எமெட் லேத்தை நிறுத்தி மறுபடி முள்ளைப் பார்த்தார். சைபர். மூன்று தடவை சுற்றிப் பார்த்தார், சைபர்தான். ஒரு தாள் எடுத்து, "இந்த ஆக்ஷன் நேராக உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ராய்ஸ் பட்டறைக்குள் வரும்போதே கத்திக்கொண்டு வந்தார். "ஏன்யா, ஊரையே சாய்ச்சுட்டு அது நேரா இருக்குன்னு எழுதிக் குடுப்பியா?"

"முள்ளு சைபர் காட்டுது, ராய்ஸ். முள்ளோட நான் சண்டைக்குப் போறதில்லை."

அன்று மதியமே ஊர்க்கூட்டம். ஆக்ஷனை உருக்கிவிட்டால் ஊர் நிமிர்ந்துவிடும் என்று ராய்ஸ் தீர்மானம் கொண்டுவந்தார். தோராவை எழுந்து பதில் சொல்லச் சொன்னார்கள். அவள் எழவில்லை, உட்கார்ந்தபடியே, "அதுக்கு விருப்பமிருந்தா வளைஞ்சிருக்கும். விருப்பமில்லை. எனக்கும் இல்லை" என்றாள். டெல்பர்ட் கடையிலிருந்து ரசமட்டம் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். குமிழி நட்டநடுவில் நின்றது. ஊருக்குள் எதை வைத்து அளந்தாலும் ஊர் நேராகத்தான் இருந்தது. நெடுஞ்சாலையிலிருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் நாங்கள் சாய்வு. அவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. தீர்மானம் தோற்றது.

தோரா சமையல் மேசையிலேயே புதுக் கட்டையையும் புதுக் குழலையும் பூட்டினாள். அந்த மாதிரி ஆக்ஷனில் குழலை ஒரு பெரிய நட் இறுக்கிப் பிடிக்கும், அதைத் திருகுகிற சாவி இருந்தால் கம்மியர் வேண்டாம். "தண்ணிக் குழாய்க்குப் போடற நட்டு" என்று ராய்ஸ் கிளப்பில் சொல்லிச் சிரித்தார். சுடுகளம் ஊர் எல்லைக்கு மூன்று மைல் வெளியே, சாயாத தரையில் இருந்தது. அங்கே வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

ஜூன் மூன்றாம் சனிக்கிழமை பதினோரு பேர் போட்டிக்கு உட்கார்ந்தார்கள். ஆளுக்கு இருபது குண்டு, ஆயிரம் கஜம். நான்காவது குண்டில் காற்று எழுந்தது. குன்று வாங்கிக்கொள்கிற காற்று அல்ல, குன்றையே கொஞ்சம் கொண்டுவருகிற காற்று. தனியாகக் கடைந்த ஆக்ஷன்களில் போல்டுக்கும் கூட்டுக்கும் நடுவே பூச்சி மூச்சுவிட இடம் இருக்காது, அதுதான் அவற்றின் பெருமை. அந்த இடத்தில் புழுதி புகுந்தது. ராய்ஸின் போல்ட் ஆறாவது குண்டில் பாதி வழியில் நின்றது. பல் வைத்தியர் தன்னுடையதைப் பிடுங்கிப் பார்த்தார், தொழில் பழக்கம், வரவில்லை. ஒவ்வொருவராக எழுந்து நின்று தங்கள் பிக்கப் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோராவின் மலிவு போல்ட் பெரிய சட்டியில் கரண்டி மாதிரி லொடலொடவென்று போய் வந்தது. புழுதி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் விழுந்தது.

அவள் ஒவ்வொரு குண்டு சுடும்போதும் தரை கொஞ்சம் கிழக்கே இறங்கியது. முதலில் ஏழாம் மேடை, பிறகு எட்டு, ஆறு, பிறகு தலைவர் நாற்காலி. பதினைந்தாவதில் ராய்ஸின் காபி அவர் மடிக்கு நகர்ந்தது. இருபதாவதில் தூரத்து இலக்குப் பலகையும் சாய்ந்து ஊரோடு சேர்ந்துகொண்டது. போட்டியை முழுதாகச் சுட்டு முடித்தது அவள் ஒருத்தி. தோரா லைலின் கைத்தடத்தில் தேங்கியிருந்த புழுதியை ஊதிவிட்டு, "அடுத்த வருஷமும் இதே மேடைதான், ராய்ஸ். விதி இன்னும் ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடு, போற வழியில எழுதி வாங்கிடறேன்" என்றாள்.

ராய்ஸ் தோற்றாலும் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. இரண்டு வருஷம் கழித்து காஸ்பர் நகரத்திலிருந்து ஆளும் கருவியும் வரவழைத்து, மெயின் தெருவில், வெளியூர் அளவுப்படி நேராக ஒரு வீடு கட்டினார். ஊருக்குள் நேராக நிற்கும் ஒரே வீடு அதுதான் என்று எல்லோரிடமும் சொன்னார். கட்டட ஆய்வாளர் எங்கள் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, வீடு ஒன்றேகால் டிகிரி மேற்கே கோணல், மக்களுக்கு ஆபத்து என்று நோட்டீஸ் ஒட்டினார். ராய்ஸ் ஒன்பது வருஷம் வழக்காடினார். பத்தாவது வருஷம் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிக் கிழக்கே சாய்த்தார்கள். வேலை நடந்தபோது தோரா தன் பஸ்ஸை எதிரே நிறுத்திப் பிள்ளைகளோடு முழுதும் பார்த்தாள்.

வருஷத்துக்கு ஒருமுறை ராய்ஸ் எழுத்தில் கேட்பார், அந்த ஆக்ஷனை மறுபடி சோதிக்க வேண்டும் என்று. தோரா அதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோவாள். எமெட் லேத்தில் பூட்டி முள்ளை வைப்பார். சைபர். பிறகு மூன்று பேரும் சாப்பாட்டுக் கடைக்குப் போய் ஆப்பிள் பை சாப்பிடுவார்கள். நெடுஞ்சாலைத் துறை போன வருஷம் எங்கள் ஊர் வழியாகப் புதுத் தார் போட்டது. பொறியாளர்கள் நான்கு நாள் அளந்து, தலையைச் சொறிந்து, கடைசியில் தங்கள் வரைபடத்தைத் திருத்திக்கொண்டு போனார்கள்.